திரையில் ஓர் இளைப்பாறல்

பள்ளியும் வீட்டுப்பாடமும் முடிந்த மாலைப் பொழுதில் மனம் ஓய்வை நாடுகிறது. வாளா இருப்பது மட்டும் ஓய்வாகாது. வேறொரு செயலில் மனத்தைத் திருப்புவதும் ஓய்வேயாகும். உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றும் நான்கு நிலைக்களன்களுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்துள்ளது தொல்காப்பியம். திண்ணையில் இருந்த விளையாட்டு இன்று திரைக்கும் வந்துள்ளது.

திரை விளையாட்டுகளுள் உலகப் புகழ் பெற்றது டெட்ரிஸ். மாஸ்கோ நகரில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் 1984ஆம் ஆண்டு இதனை உருவாக்கினார். சிறு கட்டைகளைப் பெட்டிக்குள் இடைவெளியின்றி அடுக்கும் புதிரில் அவருக்கு விருப்பம் மிகுதி. அவ்விருப்பமே புதிய விளையாட்டிற்கு வித்தாயிற்று. அவருடைய கணினியில் படம் வரையும் வசதி இல்லை. ஆகவே, அடைப்புக்குறிகளைக் கொண்டே சதுரங்களை அமைத்தார்.

நான்கு சதுரங்கள் இணைந்த ஏழு வடிவங்கள் ஒவ்வொன்றாக மேலிருந்து விழும். அவற்றைத் திருப்பியும் நகர்த்தியும் அடுக்க வேண்டும். ஒரு வரிசை முழுவதும் நிரம்பினால் அது மறைந்துவிடும். விதி இவ்வளவே. எனினும், விளையாடும்போது கண்ணும் கையும் கருத்தும் ஒன்றுபடுகின்றன. பகலில் பெற்ற மதிப்பெண்ணும் கேட்ட கடுஞ்சொல்லும் சற்று நேரம் மறந்துபோகின்றன. மிக எளிய செயல் சலிப்பைத் தரும். மிகக் கடிய செயல் பதற்றத்தைத் தரும். திறமையும் அறைகூவலும் சமமாகும்போது மனம் செயலில் முழுமையாகத் தோய்கிறது. மிகாய் சிக்சென்ட்மிகாய் என்னும் உளவியல் அறிஞர் இந்நிலையை ‘ஓட்டம்’ என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தார்.

ஆயினும், இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல்லாங்குழியில் பதினான்கு குழிகள்; ஆடுவோர் இருவர். காய்கள் தீர்ந்தால் ஆட்டம் முடியும். எதிரே இருப்பவர் எழுந்தாலும் முடியும். திரையோ எழுந்து செல்வதில்லை. டெட்ரிஸில் வடிவங்கள் விழும் விரைவு கூடிக்கொண்டே போகும். அடுக்கு உச்சியைத் தொட்டால் தோல்வி. எனவே, “இன்னும் ஒரு முறை” என்று மனம் கெஞ்சுகிறது. விளையாட்டின் மீது கட்டுப்பாடு இழந்து, கேடு விளைந்தும் தொடரும் நிலையை உலக நலவாழ்வு நிறுவனம் நோய்களின் வகைப்பாட்டில் சேர்த்துள்ளது. அவ்வகைப்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தது. எல்லா விளையாட்டும் நோயன்று. அளவு இழந்த விளையாட்டே நோயாகும்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இதில் மற்றொரு பொருளும் உண்டு. பகலெல்லாம் பள்ளியிலும் தெருவிலும் பிறமொழிகளைப் பேசுகிறோம். அப்பாவும் அம்மாவும் பணியிடத்தில் அவ்வாறே பேசுகின்றனர். வீட்டில் அனைவரும் கூடித் தமிழ் பேசும் பொழுது மாலை ஒன்றே. அப்பொழுதில் நால்வர் நான்கு திரைகளை நோக்கியிருந்தால், வீட்டில் தமிழ் ஒலிப்பது எப்போது?

ஆகவே, தொடங்கும் முன்பே நேரத்தை வரையறுத்துக்கொள்க. இனிமை குன்றும் முன்னரே நிறுத்துக. களைத்து வந்த அப்பா கைப்பேசியில் விளையாடினால் அதனைக் குறை கூறாதீர், அதுவும் இளைப்பாறலே. ஆட்டம் முடிந்ததும் அருகில் அமர்ந்து, “இன்று என்ன நடந்தது அப்பா?” எனக் கேளுங்கள். அக்கேள்வி அவருக்கும் ஓய்வைத் தரும்.

சொற்பொருள்
வாளா – சும்மா
உவகை – மகிழ்ச்சி
நிலைக்களன் – தோன்றும் இடம்
தோய்தல் – மூழ்குதல்
அறைகூவல் – சவால்

வினாக்கள்
1. டெட்ரிஸ் எங்கு, எந்த ஆண்டு உருவாக்கப்பட்டது?
2. மனம் செயலில் முழுமையாகத் தோய்வது எப்போது?
3. பல்லாங்குழி முடிவதற்கும் டெட்ரிஸ் முடிவதற்கும் உள்ள வேறுபாடு யாது?

செயல்பாடு
உம் வீட்டுப் பெரியவர் ஒருவர் சிறுவயதில் மாலை வேளையில் ஆடிய விளையாட்டைக் கேட்டறிந்து, அதன் விதிகளை ஐந்து தொடர்களில் எழுதுக.