தொடாது தடுக்கும் காந்தம்

காந்தம் இரும்பைத் தன்பால் இழுக்கும், செம்பை இழுக்காது. இது யாவரும் அறிந்ததே. ஆயின், அச்செம்பே தன்மேல் ஓடும் காந்தத்தைத் தடுக்கும் என்றால் நம்புவார் சிலரே. மாணவர்களே! ஐயமுண்டாயின், தடித்த செம்புத் தகடு ஒன்றைச் சாய்த்து வைத்து, வலிய காந்தவில்லை ஒன்றை அதன்மேல் நழுவ விட்டுப் பாருங்கள். மரப்பலகையின்மேல் விரைந்து சறுக்கும் அவ்வில்லை, செம்பின்மேல், என்போன்ற மூப்பினர் படியிறங்குவதுபோல, மெல்ல மெல்ல ஊர்ந்து இறங்கும்.

1824-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் அராகோ இவ்வியப்பை வேறொரு வகையில் கண்டார். செம்புத் தட்டிற்கு மேலே தொங்கவிட்ட காந்த ஊசி, அசைத்துவிட்டபின் நெடுநேரம் ஆடாது விரைவில் அடங்கிற்று. தட்டினைச் சுழற்றினாலோ, ஊசியும் அதனைப் பின்பற்றிச் சுழன்றது. காற்று தள்ளியதுபோலும் என்று ஐயுறல் வேண்டா. இடையே கண்ணாடித் தகட்டினை வைத்தாலும் ஊசி சுழலவே செய்யும். இக்கண்டுபிடிப்பிற்காக இலண்டன் அரச கழகம் 1825-இல் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. பதக்கம் கிடைத்தது, காரணம் மட்டும் கிடைக்கவில்லை.

அதனை 1831-இல் கண்டவர் மைக்கேல் பாரடே. காந்தம் நகருங்கால், அருகிலுள்ள செம்பில் மின்னோட்டம் பிறக்கிறது. அது கம்பியில் ஓடுவதுபோல் ஒருவழியே ஓடாமல், ஆற்றுநீரின் சுழிபோலத் தகட்டினுள்ளேயே வட்டமிடுகிறது. ஆதலின் அதனைச் சுழல் மின்னோட்டம் என்பர். அச்சுழலும் ஒரு காந்தம்போலாகித் தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கும். பெற்றவரை எதிர்க்கும் பிள்ளை எனலாம்! இழந்த விரைவு வீணாய் மறைவதில்லை. வெப்பமாகித் தகட்டைச் சூடாக்குகிறது. தகட்டில் சீப்பின் பற்கள்போலப் பிளவுகளை இட்டுவிட்டால் சுழல்கள் அறுபடும். தடையும் பெரிதும் குறைந்துவிடும்.

செருமனியில் மணிக்கு 300 கிலோமீட்டர் விரைவில் ஓடும் ஐ.சி.இ. 3 என்னும் ரயில்களில் இவ்வியல்பு பயன்படுகிறது. விரைவைக் குறைக்க வேண்டுங்கால், மின்காந்தங்கள் தண்டவாளத்திற்குச் சில மில்லிமீட்டர் உயரம்வரை இறக்கப்படும். அவை தண்டவாளத்தைத் தொடுவதில்லை. எனவே உராய்வும் தேய்வும் இல்லை. எஃகுத் தண்டவாளத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து ரயிலை எதிர்க்கும்.

இத்துணை வலிமை வாய்ந்த இத்தடைக்கு ஒரு குறையும் உண்டு. அசைவு குன்றக் குன்ற மின்னோட்டமும் குன்றும், தடையும் தளரும். அசைவு நின்றவிடத்துத் தடை அறவே இல்லை. சரிவில் நிற்கும் வண்டியை இது ஒரு கணமும் பிடித்து வைக்காது. ஆதலின், நிலையத்தை நெருங்கி ஊர்ந்துவரும் ரயிலை முற்றும் நிறுத்துவன சக்கரங்களை இறுகப் பற்றும் பழைய உராய்வுத் தடைகளே.