தனுஷ்கோடியைக் கொண்டுபோனது எந்தத் தண்ணீர்?

கூடுதுறையில் திதி கொடுத்துவிட்டு ராமேசுவரத்துக்கும் போய்வருகிற குடும்பங்கள் பவானியில் உண்டு. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைப் பார்த்து வந்தவர்கள், "அந்தக் காலத்துச் சுனாமிங்க அது" என்கிறார்கள். இல்லை. 2004 டிசம்பர் 26-இல் வந்ததுதான் சுனாமி; சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து எழுந்தது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் ஏறியது புயல் தள்ளிவந்த கடல். பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் பயணிகளோடு அதில்தான் போனது.

புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல் மேலே உறிஞ்சப்படுகிறது என்றொரு விளக்கமும் உலவுகிறது. அதில் உண்மை கொஞ்சம்தான். அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும். 50 மில்லிபார் குறைந்தாலும் அரை மீட்டர்தான். மிச்சமெல்லாம் காற்றின் வேலை. வங்கக் கடல் புயல் இடஞ்சுழியாகச் சுழலும். இலங்கையைக் கடந்து அது மேற்கே நெருங்கியபோது அதன் முன்பக்கத்தில் அடித்தது வாடைக்காற்று. தனுஷ்கோடிக்கு வடக்கே கிடப்பதோ பாக் நீரிணைக் கடல். பல இடங்களில் 10 மீட்டர் ஆழம்கூட இல்லை. ஆழ்கடலில் காற்று தள்ளிய நீர் அடிவழியே திரும்பி ஓடிவிடும். இங்கே அதற்கு இடமில்லை. கரைமேல்தான் ஏறியாக வேண்டும். அந்தக் கரை தாழ்ந்த மணல் திட்டு.

அளவுகோல் நடாத இடத்தில் எத்தனை அடி ஏறியது என்று இப்போது யார் சொல்ல முடியும் என்பார்கள். சொல்லலாம். மேட்டூரில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்று தெரிந்தால், பவானியில் கந்தன் பட்டறைப் பக்கம் தண்ணீர் எதுவரை வரும் என்று நம்மூர்க்காரர் கணிப்பதில்லையா? கடலுக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. துறைமுகப் பதிவேடுகளிலும் கப்பல் நாட்குறிப்புகளிலும் பாரமானி அளவும் காற்றின் திசையும் மணிவாரியாகக் கிடக்கின்றன. பாதரச அங்குலத்தில் இருப்பதை மில்லிபாருக்கு மாற்ற வேண்டும், 29.92 அங்குலம் என்றால் 1013. வெப்பத்துக்கும் பாரமானி இருந்த உயரத்துக்கும் திருத்த வேண்டும். ஒரே நேரத்து அளவுகளை வரைபடத்தில் வைத்தால் புயலின் மையமும் பாதையும் தெரியவரும். அந்தக் காற்றைக் கடலாழ வரைபடத்தின்மேல் கணினியில் ஓடவிட்டால் நீர்மட்டம் கிடைக்கும். இன்னும் பழைய புயல்களுக்கும் இதே கணக்குதான். 1864-இல் கல்கத்தாவையும் மசூலிப்பட்டினத்தையும் புயல் தள்ளிய கடல் சூறையாடியது. இந்திய வானிலைத் துறை 1875-இல் பிறந்ததற்கு அந்தக் கல்கத்தா புயலும் ஒரு காரணம். அந்தத் துறை வருவதற்கு முந்தைய புயல்களுக்குக் கப்பல் நாட்குறிப்புகளே பெரிய ஆதாரம்.

கண்ணால் பார்த்தவர் சொன்னால் போதாதா? அவர் சொல்லும் உயரத்தில் அலையும் சேர்ந்திருக்கும். மட்டம் உயர்வது வேறு, அதன்மேல் அலை அடிப்பது வேறு. தரையிலிருந்து அளந்தாரா, கடல்மட்டத்திலிருந்தா என்பதும் கேள்வி. இதில் ஒரு மீட்டர் குறைத்துக் கணித்துவிட்டால், கடலோரத்தில் கட்டும் புயல் பாதுகாப்பு மையத்தின் தரைமட்டமும் ஒரு மீட்டர் தாழ்ந்துபோகும்.