ஆவுடையார்கோவில் சீமையின் காடும் விலங்கும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆவுடையார்கோவில் என்றதும் கல்லிலே கயிறு திரித்த கொடுங்கையும் மாணிக்கவாசகரும் நினைவுக்கு வருவார்கள். சுற்றியுள்ள மண்ணைப் பற்றிக் கேட்டால், 'பொட்டல்', 'வானம் பார்த்த பூமி', 'கருவக்காடு' என்று மூன்று சொல்லில் பேச்சு முடிந்துவிடும். இந்த மண்ணுக்கென்று ஒரு காடு இருந்தது. பல இடங்களில் இன்னும் இருக்கிறது. அந்தக் காட்டுக்கென்று விலங்குகளும் ஒரு நெடிய வரலாறும் உண்டு. அதை அறியாமலே எதை வெட்டலாம், எதை நடலாம் என்று முடிவெடுத்துவருகிறோம். ஊர்ப்பேச்சில் அடிக்கடி கேட்கும் ஏழு நம்பிக்கைகளை எடுத்து, அவற்றின் உண்மை என்ன என்று பார்ப்போம்.

நம்பிக்கை 1: இது பொட்டல் பூமி. இங்கே காடு இருந்ததே இல்லை.

உண்மை: சாட்சி கோவிலுக்குள்ளேயே இருக்கிறது. திருப்பெருந்துறை என்ற பழைய பெயர் கொண்ட இந்தத் தலத்தின் விருட்சம் குருந்த மரம். மாணிக்கவாசகர் குருவருள் பெற்றது அதன் நிழலில் என்பது மரபு. குருந்து எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுமரம். யாரும் வெளியூரிலிருந்து கொண்டுவந்து வைத்த அலங்கார மரமல்ல. இந்தக் கரையோரக் காட்டில் தானாக முளைத்து வளர்வது.

அந்தக் காட்டுக்கு வனவியலார் வைத்த பெயர் 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு'. சாம்பியனும் சேத்தும் 1968இல் வெளியிட்ட இந்திய வன வகைப்பாட்டில் இது தனி வகையாகவே இடம்பெற்றிருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா தொடங்கி ராமநாதபுரம் வரை, சோழமண்டலக் கரையை ஒட்டியும் சற்று உள்ளே தள்ளியும், துண்டு துண்டாக இன்று எஞ்சியிருக்கிறது.

இதன் வியப்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஆண்டு முழுவதும் இலை உதிராத காடுகள் பொதுவாகக் கனமழை பெய்யும் இடங்களில்தான் வளரும். இங்கோ பெருமழை ஐப்பசி, கார்த்திகையோடு முடிகிறது. பிறகு அரையாண்டுக்கு மேல் காய்ச்சல். அப்படியிருந்தும் பாலை, வீரை, காசா, கருங்காலி, நாவல் ஆகியவை கோடையிலும் பச்சை மாறாமல் நிற்கின்றன. சிறிய, தடித்த, தோல் போன்ற இலைகள் உள்ளிருக்கும் ஈரத்தை எளிதில் விட்டுவிடுவதில்லை. மரங்கள் வானளாவ உயர்வதும் இல்லை; அவற்றின் மேலும் இடையிலும் கொடிகள் அடர்ந்து பின்னிக் கிடக்கும். குற்றாலத்துக் காட்டையும் டாப்சிலிப் காட்டையும் மட்டுமே காடு என்று பழகிய கண்ணுக்கு இது வெறும் புதராகத் தெரிகிறது. 'தரிசு' என்று கணக்கில் எழுதி அழித்ததற்கு அந்தப் பார்வையும் ஒரு காரணம்.

மிஞ்சியவற்றில் பெரும்பகுதி ஐயனார், முனி, அம்மன் கோவில்களைச் சுற்றியுள்ள சாமி காடுகளில்தான் இருக்கிறது. கொப்பு ஒடிக்கக் கூடாது, அரிவாளோடு நுழையக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாடு இந்தக் காட்டுக்கு அரணாக நின்றிருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறந்தாங்கிப் பக்கத்து மறமடக்கி உட்படப் புதுக்கோட்டை மாவட்டத்தின் காட்டுத் துண்டுகளில் மரம் மரமாக அளந்து ஆய்வு செய்திருக்கிறார்கள். உள்ளூரில் புதர் என்று ஒதுக்கப்படுவது, உலகில் மிகச் சில இடங்களில் மட்டுமே உள்ள காடு.

நம்பிக்கை 2: பனியுகம் என்பது வடநாட்டுக் கதை. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உண்மை: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் வடபாதியையும் வட ஐரோப்பாவையும் கிலோமீட்டர் கணக்கில் கனத்த பனி மூடியிருந்தது. உலகின் நீரில் அவ்வளவு பங்கு பனியாக நிலத்தில் உறைந்ததால் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்தது. பாக் விரிகுடாவின் ஆழமோ பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர்கூட இல்லை. ஆகவே மணமேல்குடிக்குக் கிழக்கே அன்று அலையில்லை. யாழ்ப்பாணம் வரை தரை.

அந்தத் தரை வழியே உயிரினங்கள் இரு பக்கமும் போய்வந்தன. யானை, சிறுத்தை, கரடி, நரி ஆகியவை இலங்கையிலும் இருப்பதற்கு இந்த நிலத்தொடர்பே காரணம். மரங்களும் அப்படியே. இந்தக் கரையின் பாலையும் வீரையும் இலங்கையின் வன்னிக் காட்டிலும் முதன்மையான மரங்கள். பாலைப்பழத்தின் இனிப்பை வன்னி மக்கள் நன்கு அறிவார்கள். பனி உருகிக் கடல் ஏறியபோது ஒரே காடு இரண்டு நாட்டுக் காடானது. கனடாவிலும் ஸ்காண்டினேவியாவிலும் பனி விலகிய வெற்று நிலத்தில் காடு புதிதாகக் குடியேற வேண்டியிருந்தது. இங்கே நிலத்தைப் பனி மூடவே இல்லை.

நம்பிக்கை 3: குதிரை இந்த மண்ணின் விலங்கு. கோடியக்கரையில் இருப்பவை காட்டுக் குதிரைகள்.

உண்மை: திருப்பெருந்துறைக் கதையே இதற்கு விடை சொல்கிறது. பாண்டியனின் அமைச்சரான மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் பொருளோடு கடற்கரைப் பக்கம் அனுப்பப்படுகிறார். அந்தப் பொருள் கோவில் திருப்பணிக்குச் செலவாகிறது. குதிரை உள்நாட்டில் பெருகும் விலங்காக இருந்திருந்தால் அமைச்சரைக் கப்பல் துறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவும் ஹோர்முஸ், ஏடன் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், இங்கே அவை நிலைக்காமல் மடிந்ததையும் எழுதியிருக்கிறார்.

குதிரையின் பூர்வீகம் அரேபியாவும் அல்ல, வட அமெரிக்கா. சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் நாய் அளவே இருந்த அதன் மூதாதையர்களின் புதைபடிவங்கள் அங்கே கிடைக்கின்றன. இன்றைய குதிரைப் பேரினமும் அங்கேதான் தோன்றியது. சைபீரியாவையும் அலாஸ்காவையும் இணைத்த நிலப்பாலம் வழியே ஆசியாவுக்குப் பரவியது. பிறந்த கண்டத்தில் அது சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயிற்று. இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மூலம் ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் ரஷ்யப் புல்வெளியில் மனிதரோடு பழகிய கூட்டம். அமெரிக்கச் செவ்விந்தியரின் அடையாளமாகத் திரைப்படங்களில் நாம் பார்க்கும் குதிரைகூட ஸ்பானியர்கள் கப்பலில் திரும்பக் கொண்டுபோனதுதான். கொலம்பஸின் 1493ஆம் ஆண்டுப் பயணத்தில் கரீபியத் தீவுகளுக்கும், 1519இல் கோர்த்தேஸோடு மெக்சிகோவுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

கோடியக்கரையில் திரிபவை வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டில் பெருகியவை. அந்தப் புல்வெளிக்கு உரிமையுள்ள விலங்கு வெளிமான். 1967இல் அங்கே சரணாலயம் அமைத்ததே அதைக் காக்கத்தான்.

நம்பிக்கை 4: நரிக்கொம்பு வீட்டில் இருந்தால் செல்வம் சேரும்.

உண்மை: நரிக்குக் கொம்பு கிடையாது. எந்த நரிக்கும், எந்த வயதிலும் கிடையாது. முடியோடு சேர்ந்த தோலையும் எலும்பையும் கொம்புபோல் செய்து விற்கிறார்கள். அதற்காக ஒரு நரியாவது சாகிறது. வாங்குகிறவர் ஏமாறுவதோடு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றத்துக்கும் உடந்தையாகிறார்.

மாணிக்கவாசகருக்காகச் சிவன் நரியைப் பரியாக்கிய கதையில் பரி கடல் கடந்து வரவேண்டிய விலங்கு. நரி இந்தக் காட்டிலேயே இருந்த விலங்கு. எலி, நண்டு, செத்த கால்நடை, விழுந்த பழம் என்று எல்லாவற்றையும் தின்று வயலைச் சுத்தமாக வைத்திருப்பது அது. தின்ற பழங்களின் விதையை எச்சத்தோடு வேறிடத்தில் போட்டுக் காட்டைப் பரப்புவதும் அதுவே. ஆவணி மூலத் திருவிழாவில் இந்தத் திருவிளையாடலைக் கண்டு கைகூப்பும் நாம், உயிரோடு உள்ள நரிக்கு வெடி வைப்பதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

நம்பிக்கை 5: கண்மாய்க்கு வரும் பறவைகள் சைபீரியாவிலிருந்து வந்து குஞ்சு பொரித்துவிட்டுப் போகின்றன.

உண்மை: கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரத்தில் கூடு கட்டும் நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். நீரும் மீனும் உள்ள கண்மாயைத் தேடி இடம் மாறுமே தவிர, அயல்நாட்டிலிருந்து வருபவை அல்ல. வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான் போன்றவை குளிர்காலத்தில் இரை தேடவே இங்கு வருகின்றன. பங்குனி, சித்திரையில் திரும்பிப்போய் ரஷ்யாவிலும் நடு ஆசியாவிலும் முட்டையிடுகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு இந்தப் பாதைகளை அறிந்துவருகிறது.

இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியம். வலசைப் பறவைக்குத் தேவை ஆழமற்ற நீரும் சேறும். உள்நாட்டு நாரைக்கோ, கூடு கட்ட மரம் வேண்டும். குஞ்சு பறக்கும்வரை கண்மாயில் தண்ணீரும் வேண்டும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, 1977இல் சரணாலயமான இடம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் கூட்டில் இருக்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

நம்பிக்கை 6: சீமைக்கருவேலத்தைக் கொண்டுவந்தது காமராஜர். அது காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடும்.

உண்மை: மெக்சிகோ, தென் அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த இந்த மரத்தின் விதை, காமராஜர் முதல்வராவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1870களில் சென்னை மாகாண வனத்துறையால் தருவிக்கப்பட்டுக் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டது. விறகுக்காகவும் வேலிக்காகவும் பிற்கால அரசுகளும் அதைப் பரப்பியது உண்மையே.

காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதன் உண்மையான தீங்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஆழ வேர்விட்டு நிலத்தடி நீரை எட்டுகிறது, உவர்நிலத்திலும் தழைக்கிறது, அடர்ந்து நின்று நாட்டுச் செடிகளை முளைக்கவிடாமல் செய்கிறது. ஆடுமாடுகள் காயைத் தின்று சாணத்தோடு விதையைக் கண்மாய் முழுவதும் பரப்புகின்றன. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்துப் பல ஊர்களில் இயந்திரங்கள் இறங்கின. வேரோடு எடுக்காத இடங்களில் அடிக்கட்டை மறுபடி துளிர்த்தது. எடுத்த இடங்களிலும் வேறு மரம் வைக்காவிட்டால் அதன் விதையே மீண்டும் முளைக்கும்.

நம்பிக்கை 7: மரம் நட்டால் காடு வந்துவிடும்.

உண்மை: புதுக்கோட்டை மாவட்டத்தின் மேட்டு நிலங்களில் கண்ணுக்கு எட்டியவரை நிற்கும் தைலமரங்களைப் பார்த்து, 'எவ்வளவு பெரிய காடு' என்பார்கள். யூகலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம். இங்கே வரிசையாக நட்டு, சில ஆண்டுகளில் வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் பயிர் அது. 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இதைப் பரந்த அளவில் வளர்த்துவருகிறது.

உதிர்ந்த தைல இலைக்கடியில் களா முளைப்பதில்லை. பழம் இல்லாததால் பழந்தின்னிப் பறவை தங்குவதில்லை. தோட்டங்களில் வெட்டும் வரப்புகளும் பள்ளங்களும் மழைநீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் தடுக்கின்றன என்று விவசாயிகள் நெடுங்காலமாகப் போராடிவருகிறார்கள். இதே செம்மண்ணில் முன்பு நின்ற காடு வேர்ப்பின்னலாலும் இலைமக்காலும் நீரை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. பூமியைக் குளிர வைக்கிறோம் என்று சொல்லி இந்த மண்ணின் காட்டைத் தோட்டமாக மாற்றியதை வளர்ச்சி என்று கொள்ள முடியாது.

இனி என்ன செய்யலாம்?

இழந்த காட்டை மீட்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்குப் புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில் சாட்சி. 1968க்குப் பிறகு, அரித்துப் பிளந்து கிடந்த அந்தச் செம்மண் மேட்டில் முதலில் மழைநீரை நிறுத்தினார்கள். பிறகு இதே உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களைத் தேடித் தேடி நட்டார்கள். இன்று அங்கே காடு நிற்கிறது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவைகூட இல்லை. விதைக்களம் நம் ஐயனார் கோவில் காடுகளிலேயே இருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் காட்டை வெட்டிச் சிமெண்ட் தளம் போடுவதை ஊர்க்கூட்டம் நிறுத்தட்டும். கண்மாயில் கருவை எடுக்கும் ஊராட்சி, அதே மழைக்காலத்தில் கரையில் பாலையும் வீரையும் நாவலும் வைக்கட்டும். வெட்டி முடித்த தைலமரத் தோட்டங்களில் ஒரு பகுதியையாவது நாட்டுக் காட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும்படி அரசை வற்புறுத்துவோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அமேசான் காட்டைச் சொல்லிக்கொடுக்கும் முன் பக்கத்துச் சாமி காட்டுக்கு அழைத்துப்போய் ஒவ்வொரு மரத்தின் பெயரையும் சொல்லிக்கொடுப்போம். பெயர் தெரிந்த மரத்தை வெட்ட வரும்போது, ஏன் என்று கேட்க அந்தப் பிள்ளைக்கு வாய் வரும்.