தீனிக்கு மசியாத கோம்பை நாய்: எதைக் கூலியாகக் கொடுப்பது?

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கோம்பைக்கும் பண்ணைப்புரத்துக்கும் நடுவே மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் பார்க்கிறேன். தென்னை, வாழை, ஊடுபயிராக உளுந்தும் தட்டையும், ரெண்டு நாட்டு மாடு. காட்டுப்பன்றியும் மயிலும் எனக்கு முன்னால் விளைச்சலைப் பார்த்துவிடும். விஷம் வைக்க மனசில்லை, கம்பியில் மின்சாரம் விடுவது பாவம், சட்டப்படி குற்றமும்கூட. அதனால் காவலுக்கு நாய்தான்.

நம்ம ஊர் பெயரையே தாங்கியிருக்கும் கோம்பை நாய்க்குட்டி ஒன்று வாங்கினேன். செவலை உடம்பு, கருத்த வாய். பெயரும் செவலை. ஒரு வயதுக்குள் காவல் தானாக வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்று: கூப்பிட்டால் வருவது.

போன வருஷம் ஒரு காலையில் மயிலை விரட்டிக்கொண்டு சாலைக்குப் பாய்ந்தது. "செவலை, வா!" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேவாரம் பக்கமிருந்து வந்த பஸ் ஓட்டுநர் பிரேக் அடித்ததால் பிழைத்தது. அன்று கைகால் நடுக்கம் நிற்க எனக்கு அரைமணி நேரம் ஆச்சு. அன்றைக்கே முடிவெடுத்தேன், இதைப் பழக்கியே ஆக வேண்டும்.

அடித்துப் பழக்குவது எனக்கு உடன்பாடில்லை. சொன்னதைச் செய்தால் தீனி கொடுக்கும் முறையில் இறங்கினேன். பிஸ்கட் காட்டினேன், மோந்துவிட்டுப் போனது. பொறை காட்டினேன், வாயில் வாங்கிக் கீழே போட்டது. "ஒரு நாள் பட்டினி போடுங்க, தானா வரும்" என்றார் ஒருவர். ஒருவேளை தீனியை நிறுத்தினேன். அது வேப்பமரத்தடியில் சுருண்டு படுத்துக்கொண்டதுதான் மிச்சம். அது நான் செய்த தப்பு, நீங்கள் செய்யாதீர்கள்.

முதலில் காரணம் தேடுங்கள்

பயிர் மஞ்சளித்தால் உடனே உரத்தைக் கொட்டாமல் வேரைப் பார்ப்போம் இல்லையா? அதுபோல நாய் தீனியை மறுத்தால் நாலு கேள்வி கேளுங்கள்.

1. உடம்பு சரியாக இருக்கிறதா? உண்ணியால் வரும் காய்ச்சல், குடற்புழு, பல்வலி எல்லாமே பசியைக் கெடுக்கும். ஈறு வெளுத்திருந்தாலோ, நன்றாகத் தின்ற நாய் திடீரென நிறுத்தினாலோ பயிற்சியை விட்டுவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

2. வயிறு நிறைந்திருக்கிறதா? எங்கள் தோட்டத்தில் வேலைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கை சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது காலை, மாலை ரெண்டே வேளை. இருபது நிமிஷத்தில் தின்னாத மிச்சத்தை எடுத்துவிடுவோம். அளவைக் குறைப்பதில்லை, நேரத்தைத்தான் ஒழுங்குபடுத்தினோம். பயிற்சி, தீனி வேளைக்குச் சற்று முன்பு.

3. வெயிலா? நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்கும் நாய் தின்னாது. வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

4. பயமா, பரபரப்பா? தொழுவத்தில் வாங்கித் தின்னும் துண்டை வரப்பில் மறுத்தால், அந்த இடம் அதற்குத் தாங்கவில்லை என்று அர்த்தம். மயில் தெரியும் இடத்தில் தொடங்காமல் தொழுவத்தில் தொடங்குங்கள்.

தீனியின் தரத்தையும் பாருங்கள். பொறைக்கு மசியாத நாய் அவித்த கோழி ஈரலுக்கு மசியலாம். உப்புப் போக அலசிய கருவாடு, அவித்த முட்டை இவற்றையும் சோதிக்கலாம். கொண்டைக்கடலை அளவுத் துண்டு போதும். கையில் கொடுப்பதைவிடத் தரையில் உருட்டிவிட்டால் துரத்திப் பிடித்துத் தின்னும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமை. ஆனால் திராட்சையோ உலர்திராட்சையோ நாய்க்கு ஆகவே ஆகாது, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். உதிர்ந்த பழத்தைக்கூடப் போடாதீர்கள். வெங்காயம் ரத்த அணுக்களைச் சிதைக்கும். சாக்லேட்டும் நஞ்சு.

கூலி என்றால் தீனி மட்டும்தானா?

இவ்வளவும் செய்தபின் செவலை தொழுவத்துக்குள் ஈரலுக்காக வந்தது. தோட்டத்தில் அதுவும் செல்லவில்லை. அப்போது எங்கள் நிலத்தில் ஆட்டுக்கிடை போட வந்திருந்த பெரியவர் சிரித்தபடி சொன்னார்: "ஐயா, இது வயித்துக்கு வேலை பார்க்கிற நாய் இல்லைங்க. ஓடுறதுக்கு வேலை பார்க்கும். அதக் குடுங்க."

அவர் சொன்னதைத்தான் டேவிட் பிரிமாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் ஆய்வாக எழுதினார். பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு விளையாட்டு எந்திரத்தையும் மிட்டாயையும் வைத்தார். விளையாட்டை விரும்பும் பிள்ளை, விளையாட விடுவார்கள் என்றால் கூடுதலாக மிட்டாய் தின்றது. மிட்டாயை விரும்பும் பிள்ளை, மிட்டாய் கிடைக்கும் என்றால் கூடுதலாக விளையாடியது. அதாவது, எது பரிசு என்பதைக் கொடுக்கிறவன் தீர்மானிக்க முடியாது, வாங்குகிறவன்தான் தீர்மானிக்கிறான். ஒரே கடன் திட்டத்தை எல்லா விவசாயி தலையிலும் கட்ட முடியாது என்று வங்கியில் முப்பது வருஷம் பார்த்த எனக்கு இது உறைக்க ஒரு நாய் தேவைப்பட்டது.

ரெண்டு நாள் சும்மா உட்கார்ந்து, செவலை தன் இஷ்டத்துக்கு என்ன செய்கிறது என்று எழுதினேன். வரப்பில் மோப்பம் பிடித்தது, ஓடியது, வாய்க்கால் தண்ணீரில் இறங்கியது, பழைய துண்டைப் பிடித்து இழுத்தது. அதுதான் அதன் கூலிப் பட்டியல்.

நான் பழக்கிய விதம்

1. மார்ப்பட்டையில் 30 அடிக் கயிறு கட்டினேன். கழுத்தில் கட்டினால் ஓடி நிற்கும்போது கழுத்தை வெட்டும்.

2. மோப்பம் பிடிக்க விட்டேன். ஒரே ஒரு தடவை "செவலை, வா" என்றேன். தலை திரும்பிய அந்த நொடியே "சபாஷ்". ரெண்டு நொடி தாமதித்தாலும் எதற்குப் பாராட்டு என்று அதற்கு விளங்காது.

3. திரும்பாவிட்டால் கத்தவில்லை, கயிற்றைச் சுண்டவும் இல்லை. நான் பின்னோக்கி ஓடினேன். ஓடுகிறவனைத் துரத்துவது நாயின் குணம்.

4. பக்கத்தில் வந்ததும் ஒரு தட்டு, உடனே "போ". மறுபடி மோப்பத்துக்கு விடுதலை. சில தடவை துண்டு இழுக்கும் விளையாட்டு, சில தடவை வாய்க்கால்.

5. ஒரு தடவைக்கு மூணு நிமிஷம், நாளைக்கு ரெண்டு மூணு தடவை. அது இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்திவிடுவேன்.

நாலாவது படிதான் உயிர். முன்பெல்லாம் கட்டிப்போடுவதற்காக மட்டுமே கூப்பிட்டிருக்கிறேன். வந்தால் சங்கிலி என்றால் எந்த நாய் வரும்? இப்போது பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை விட்டுவிடுகிறேன். வந்தால் ஓட்டம் நிற்காது என்ற நம்பிக்கை அதற்கு வந்துவிட்டது.

மூணு மாதம் ஆனது கயிறு இல்லாமல் விட. பன்றிப் பக்கம் குரைத்துக்கொண்டு போனாலும் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்புகிறது. மயில் மட்டும் இன்னும் சோதனைதான். அதனால் சாலையோர வேலையின்போது கயிறை அவிழ்ப்பதில்லை. இன்னொரு வேடிக்கை: விளையாட்டு முடிந்த கையோடு கொடுத்தால் இப்போது ஈரலைத் தோட்டத்திலேயே வாங்கித் தின்கிறது.

நண்பர்களே, உங்கள் நாயும் பிஸ்கட்டைத் திரும்பிப் பார்க்காவிட்டால் அதைப் பட்டினி போடாதீர்கள், திமிர் என்றும் சொல்லாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு ரெண்டு நாள் வரப்பில் உட்காருங்கள். அது எதற்காக ஓடுகிறதோ அதையே கூலியாகக் கொடுங்கள்.