சுவிட்ச் வாங்குமுன் வொட் கணக்கு

பாதுகாப்புக் கமரா, ஐ.பி. தொலைபேசி, வைபை கருவி ஆகியன இன்று கடைகளிலும் களஞ்சியங்களிலும் சாதாரணமாகிவிட்டன. இவற்றுக்குத் தனியாக மின்வயர் இழுக்காமல், தகவல் செல்லும் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் முறையே 'பவர் ஓவர் ஈதர்நெட்'. சுருக்கமாக பி.ஓ.ஈ. என்பர். கமராவுக்கு ஒரு பிளக் என்ற செலவு இதனால் மிச்சமாகிறது. ஆனால் சுவிட்ச் வாங்கும்போது நம்மில் பலர் எத்தனை போர்ட் என்று மட்டுமே கேட்கிறோம். எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை வொட் கொடுக்கும் என்பதையும் கேட்க வேண்டும்.

போர்ட் ஒன்றுக்கு 30 வொட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கலாம். 16 போர்ட்டுக்கும் அப்படிக் கொடுக்க 480 வொட் தேவை. விலை குறைந்த சுவிட்சுகள் பலவற்றில் மொத்த வழங்கல் 120 அல்லது 150 வொட் அளவில்தான் இருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கடையில் 8 கமரா, 4 தொலைபேசி, 2 வைபை கருவி. 120 வொட் சுவிட்ச் பொருத்தப்படுகிறது. பகலில் கமரா ஒன்றுக்கு 5 வொட், தொலைபேசிக்கு 3, வைபைக்கு 12 என்றால் மொத்தம் 76 வொட். எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். பொருத்தியவரும் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இருட்டியதும் கமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன. கமரா ஒன்று 12 வொட் கேட்கிறது. மொத்தம் 132 ஆகிவிடும். உடனே சுவிட்ச் சில போர்ட்டுகளை நிறுத்திவிடும். எதற்கு முன்னுரிமை என்று நாம் அமைக்காவிட்டால், பல சுவிட்சுகளில் கடைசி இலக்கப் போர்ட்டுகளே முதலில் அணையும். களஞ்சியக் கதவைப் பார்க்கும் கமரா அதில் இருந்தால், கள்வன் வரும் நேரத்தில் அது கண்மூடிக் கிடக்கும்.

எனவே ஒவ்வொரு கருவிக்கும் அதன் விபரத்தாளில் உள்ள உச்ச அளவையே எடுங்கள். கமரா 96, தொலைபேசி ஐந்து வொட் வீதம் 20, வைபை இருபது வீதம் 40, ஆக 156. கேபிளில் ஏற்படும் இழப்புக்கும் நாளை சேர்க்கும் கருவிக்குமாகக் கால்பங்கு கூட்டினால் 195. இந்தக் கடைக்கு 200 வொட்டுக்குக் குறைந்த சுவிட்ச் உதவாது.

தரத்தையும் பாருங்கள். 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரம் போர்ட்டில் 15.4 வொட் கொடுக்கும். கருவியைச் சேர்வதற்கு உறுதியளிக்கப்படுவது 12.95 மட்டுமே. 2009இன் 802.3ஏடி 30 வொட் கொடுக்கும், சேர்வது 25.5. 2018இன் 802.3பிடி 90 வொட் வரை செல்லும். மேற்சொன்ன 20 வொட் வைபை கருவிக்கு முதலாவது தரம் போதாது.

கேபிளில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய கேபிள் மலிவு. ஆனால் மின்தடை கூடியது, சூடாகும், தூரத்துக் கமராவுக்கு மின்சாரம் குறையும். முழுச் செம்புக் கேபிளையே கேளுங்கள். நீளம் 100 மீற்றரைத் தாண்டக் கூடாது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. சுவிட்சையும் பதிவுக் கருவியையும் ஒரே யூ.பி.எஸ்.ஸில் இணைத்தால் எல்லாக் கமராவும் அதிலேயே ஓடும். யூ.பி.எஸ். வாங்கும்போதும் வி.ஏ. அளவை நம்பாமல் வொட் அளவையும், எத்தனை நிமிடம் தாங்கும் என்பதையும் கேளுங்கள்.

அடுத்த முறை விலைக்கூறல் கேட்கும்போது மொத்த வொட், தரம், கேபிள் வகை ஆகிய மூன்றையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் இரவில் ஒரு தடவை எல்லாவற்றையும் இயக்கிப் பார்த்த பின்னரே மிகுதிப் பணத்தைக் கொடுங்கள்.