கல்பாக்கத்து வெந்நீரும் சிக்கன வீடுகளும்

நம்பிக்கை: கல்பாக்கம் அணுமின் நிலையம் கடலில் விடும் வெந்நீரைக் குழாய் போட்டுப் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்துக்குக் கொண்டுவந்தால், வீட்டுக்கு வீடு இலவசமாக ஏசி ஓட்டலாம்.

உண்மை: அங்கே உள்ள 220 மெகாவாட் உலைகளில் பிறக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட மின்சாரமாவதில்லை. மிச்சம் கடலுக்குப் போகிறது. அளவு பெரிதுதான், ஆனால் அந்த நீர் கடல்நீரைவிடச் சில டிகிரி மட்டுமே சூடு. வெப்பத்தைக் கொண்டு குளிரூட்டும் இயந்திரத்துக்குச் சுமார் 80, 90 டிகிரி நீர் வேண்டும். அந்தச் சூடு வேண்டுமென்றால் டர்பைனிலிருந்தே நீராவியை எடுக்க வேண்டும். கல்பாக்கத்தில் அப்படி எடுத்துத்தான் பாபா அணு ஆராய்ச்சி மையம் கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீராக்குகிறது. காய்ச்சும் பகுதியின் திறன் நாளுக்கு 45 லட்சம் லிட்டர். எடுத்த நீராவிக்கு ஈடாக மின்சாரம் கொஞ்சம் குறையும். இலவசம் எங்கும் இல்லை.

நம்பிக்கை: வீடுகள் சூட்டைச் செலவழிப்பதில் சிக்கனமாகிவிட்டால், குளிர்நாடுகளில் ஊர் முழுக்கக் குழாய் வழியே சூடு வழங்கும் அமைப்பு நொடித்துப் போகும்.

உண்மை: பாதி சரி. ஸ்விட்சர்லாந்தில் பெஸ்னாவ் அணுமின் நிலையம் 1980களிலிருந்தே சுற்றுவட்டார ஊர்களுக்குச் சூடு அனுப்புகிறது. இத்தகைய ஊர்களில் சுவரும் ஜன்னலும் நன்றாக அடைக்கப்பட்டால் வாங்கும் சூடு குறையும். மண்ணுக்கடியில் குழாய் இழக்கும் சூடோ அப்படியே இருக்கும். யூனிட்டுக்கு விலை ஏறும். பாதியோடு நிறுத்துபவர்கள்தான் பயமுறுத்துகிறார்கள். சிக்கன வீட்டுக்கு 80 டிகிரி நீர் தேவையில்லை, 50, 60 டிகிரியே போதும். நீரின் சூடு இறங்கினால் குழாயின் இழப்பும் இறங்கும். கணினி மையங்களின் கழிவு வெப்பம் போன்ற மிதமான சூட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். மிஞ்சிய திறனில் இன்னும் நாலு தெருவை இணைக்கலாம். பழைய தேவையைக் கணக்கிட்டுப் பருத்த குழாய் பதித்தவர்களுக்குத்தான் நஷ்டம்.

நம்பிக்கை: குளிரூட்டும் குழாய்க்கும் இதே கணக்குதான்.

உண்மை: நம் கடற்கரையில் இல்லை. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியிலும், சிங்கப்பூரின் தெங்கா வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளிலும் ஒரே இடத்தில் நீரைக் குளிரவைத்துக் கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். நிழலும் நல்ல கூரையும் உள்ள வீட்டுக்கு அந்த நீர் குறைவாகத்தான் தேவைப்படும், சரி. அதனால் நீரின் குளிர்ச்சியையும் குறைத்துவிடலாம் என்று நினைத்தால் புழுக்கம் குறுக்கே நிற்கிறது. சுவர் வெயிலைத் தடுக்கும். உப்புக்காற்றோடு கதவிடுக்கில் நுழையும் ஈரத்தைத் தடுக்காது. அந்த ஈரம் ஏசிக்குள் நீராகச் சொட்ட வேண்டுமானால் உள்ளே ஓடும் நீர் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். வழக்கத்தில் 6, 7 டிகிரி. ஈரத்தைத் தனியாக உறிஞ்சும் ஏற்பாடு இல்லாதவரை ஐரோப்பியரின் சலுகை நமக்குக் கிடைக்காது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எட்டி எட்டி நிற்கும் தனி வீடுகளுக்கு இந்தக் குழாயே கட்டுப்படியாகாது. நெருக்கமான அடுக்குமாடிகளுக்குப் பேசலாம். அங்கும் மத்திய அரசின் எக்கோ நிவாஸ் சம்ஹிதா விதிப்படி சுவரும் ஜன்னலும் அமைந்தபின் எவ்வளவு குளிர்ச்சி தேவை என்று பார்த்துவிட்டே குழாயின் அளவை முடிவு செய்ய வேண்டும். சதுரங்கப்பட்டினத்தில் இன்று வீடு கட்டுபவர்கள் எந்தக் குழாய்க்கும் காத்திருக்க வேண்டாம். மேற்குச் சுவருக்கு நிழலையும் மொட்டைமாடிக்குக் கூலிங் டைல்ஸையும் முதலில் போடுங்கள்.