கொழுப்பு குறைந்தால் பி.பி. இறங்குமா?

கேள்வி: பி.பி. மாத்திரை சாப்பிடும் என் கணவருக்குக் கொலஸ்ட்ராலும் அதிகம் என்கிறது ரிப்போர்ட். கொழுப்பைக் குறைத்தால் பி.பி. மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, பொழிச்சலூர்

பதில்: நிறுத்தக் கூடாது. கொழுப்பு மாத்திரையான ஸ்டாடின் பி.பி.யை ஓரிரு புள்ளிகள்தான் இறக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதற்குத் தொப்பை, இன்சுலின் எதிர்ப்பு, உட்கார்ந்தே இருக்கும் வேலை போன்ற பொதுக் காரணங்களே பெரும்பாலும் பொறுப்பு. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் ஐ.சி.எம்.ஆருடன் நடத்தி 2023-இல் வெளியிட்ட தேசிய ஆய்வில், பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 81.2 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கொழுப்புக் கோளாறு. அப்படியானால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது, சேதத்தில். அழுத்தம் ரத்தக் குழாயின் உள்சுவரைப் புண்ணாக்குகிறது, எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு அங்கே படிகிறது, குழாய் விறைத்து அழுத்தம் இன்னும் ஏறுகிறது.

‘கொலஸ்ட்ரால் சுமார்தான், பிறகு எதற்கு மாத்திரை?’ என்று கேட்பவர்களுக்கு 2003-இல் வந்த அஸ்காட் ஆய்வு பதில் சொல்கிறது. பி.பி. உள்ள, ஆனால் கொலஸ்ட்ரால் பெரிதாக ஏறாத பத்தாயிரம் பேரில் பாதிப் பேருக்கு 10 மி.கி. அட்டோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் மாத்திரை கொடுத்தார்கள், மாரடைப்பு 36 சதவீதம் குறைந்தது. பி.பி. மாத்திரைக்கு மேல் கிடைத்த பலன் அது. ‘நாங்கள் சைவம்’ என்பதும் தப்பிக்கும் வழியல்ல. தட்டு நிறையச் சோறும் சர்க்கரைக் காபியும் டிரைகிளிசரைடை ஏற்றும். அப்பளம், ஊறுகாய் உப்பு பி.பி.யை ஏற்றும். ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ராலோடு நிற்காமல் எல்.டி.எல்., டிரைகிளிசரைடு வரிகளையும் பாருங்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரைக் கேட்டுத்தான். குரோம்பேட்டை அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். ரிப்போர்ட்டோடு கணவரை அழைத்துப் போங்கள்.